பார் வேலைக்குப் போகுமுன்: மது வகைகளின் ஆங்கிலப் பெயர்களைப் பழகிக்கொள்ள ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஹோட்டல் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சமையல்கட்டில் சேர்ந்தால் மொழி பெரிய தடையாக இருக்காது. பார் உள்ள ரெஸ்டாரன்டில் ஸ்டூவர்டாக, அதாவது மேசையில் ஆர்டர் எடுத்துப் பரிமாறுபவராகச் சேரும்போதுதான் சிக்கல். இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிடலாம். அடுத்து மெனு கார்டைக் கையில் கொடுத்து, "இந்தப் பக்கத்தைப் படிங்க, ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லுங்க" என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில்தான் திணறித் திரும்பி வருகிறார்கள். நானும் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டித்தான் கற்றுக்கொண்டேன். எதற்குப் பின் எது என்று வரிசையாக யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கற்க ஒரு சொட்டுக்கூடக் குடிக்க வேண்டியதில்லை. குடிப்பழக்கமே இல்லாத நல்ல பார்டெண்டர்களோடு வேலை செய்திருக்கிறேன். வீட்டில் பயந்தால் தைரியமாக இதைச் சொல்லுங்கள்.

1. தாள்களை முதலில் சரிசெய்யுங்கள்

சொற்களைப் பிறகு படிக்கலாம். தாள்கள் சரியாக நாளாகும் என்பதால் அதை இன்றே தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், பான் கார்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கி பாஸ்புக், பாஸ்போர்ட் அளவு போட்டோ, மருத்துவத் தகுதிச் சான்று. பெரிய ஹோட்டல் என்றால் போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக வந்திருக்கும். பி.எஃப். கணக்கு தொடங்கும்போது இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் தொங்கும். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம், ஆதாரை மாற்றுவது எளிது. அதனால் ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான், ஆனால் திருத்தம் ஏறச் சில வாரம் ஆகலாம். பான் இல்லாதவர்கள் ஆதாரில் இணைத்த செல்போன் எண் இருந்தால் வருமான வரித்துறை தளத்தில் உடனடி இ-பான் இலவசமாக எடுக்கலாம். அதற்கு ஐந்நூறு, ஆயிரம் கேட்கும் கடைகளுக்குப் போகாதீர்கள்.

மருத்துவச் சான்றை ஹோட்டலே சில இடங்களில் எடுத்துத் தரும். உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. டைபாய்டு தடுப்பூசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

பார் வேலைக்கு 21 வயது முடிந்தவர்களைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். அதற்குக் குறைந்தவர்கள் உணவுப் பகுதியில் சேர்ந்துகொண்டு இந்தச் சொற்களைப் படித்து வைத்துக்கொள்ளலாம்.

2. பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், குடும்பத்தைப் பிரியுங்கள்

மெனு கார்டில் நூறு பெயர் இருந்தாலும் குடும்பம் மூன்றுதான்.

முதலாவது, புளிக்கவைத்தவை. இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிற மாதிரி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் விடும். பீர், ஒயின், ஆப்பிளில் செய்யும் சைடர், ஜப்பானியர் அரிசியில் செய்யும் சாக்கே எல்லாம் இந்த வகை. நம் பனங்கள், தென்னங்கள்ளும் இதே குடும்பம்தான்.

இரண்டாவது, வடித்தவை. புளித்ததைச் சூடாக்கினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதற்கு முன்னால் ஆல்கஹால் 78 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான் வடித்தல். விஸ்கி, பிராந்தி, ரம், ஜின், வோட்கா, டெக்கீலா ஆகிய ஆறும் இதில் வரும். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பொதுப்பெயர் ஸ்பிரிட்.

மூன்றாவது, வடித்ததோடு சர்க்கரையும் வாசனையும் சேர்த்தவை. இதற்குப் பெயர் லிக்யூர். காபி வாசனை வரும் கலூவா, ஆரஞ்சு வாசனை வரும் குவான்ட்ரோ, கிரீம் போல இருக்கும் பெய்லீஸ் போன்றவை. லிக்கர் என்றால் மது எல்லாவற்றுக்குமான பொதுச்சொல், லிக்யூர் என்றால் இந்த இனிப்பு வகை மட்டும். இன்டர்வியூவில் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் கேட்பார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கட்டம்: எதிலிருந்து செய்தது, எந்தக் குடும்பம், எந்த நாடு, எவ்வளவு ஆல்கஹால். கடைசியில் சொன்னதை பாட்டில் லேபிளில் ஏ.பி.வி. அல்லது வி/வி என்று சதவீதமாக அச்சிட்டிருப்பார்கள். பீர் பெரும்பாலும் 4 முதல் 8 வரை, ஒயின் 11 முதல் 14 வரை. நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம்மில் 42.8 என்று இருக்கும். ஆல்கஹால் அளவைச் சொல்ல புரூஃப் என்று இன்னொரு கணக்கும் உண்டு. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 75 புரூஃப் என்பதுதான் இந்த 42.8. அமெரிக்க பாட்டிலில் உள்ள புரூஃப் வேறு கணக்கு. அங்கே சதவீதத்தை இரண்டால் பெருக்குவார்கள், அதனால் 80 புரூஃப் என்றால் 40 சதவீதம்.

3. ஸ்பிரிட் ஆறையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். விற்பனையும் இதில்தான் அதிகம், கேள்வியும் இதில்தான் அதிகம்.

நம் பக்கத்தில் பிராந்திக் கடை என்றால் எல்லாச் சரக்கும் விற்கும் கடை. மெனு கார்டில் பிராந்தி ஒரே ஒரு வகை, அதாவது திராட்சை ஒயினை வடித்தது. பிரான்சில் கோன்யாக் வட்டாரத்தில் செய்தால் மட்டும் அதற்குக் கோன்யாக் என்று பெயர். எழுத்தைப் பார்த்துக் 'காக்னாக்' என்று படித்துவிடாதீர்கள். அந்த பாட்டில்களில் வி.எஸ்., வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ. என்று எழுத்துகள் இருக்கும். மரப்பீப்பாயில் இருந்த காலத்தைச் சொல்பவை அவை: குறைந்தது 2 ஆண்டு, 4 ஆண்டு, 10 ஆண்டு என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். விலையும் அதே வரிசையில் ஏறும்.

விஸ்கி தானியத்தில் செய்வது. ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்திருந்தால்தான் ஸ்காட்ச். முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் செய்தது சிங்கிள் மால்ட். பல வடிசாலைச் சரக்கைக் கலந்தது பிளெண்டட். லேபிளில் 12 என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதற்கே 12 வயது என்று அர்த்தம். பர்பன் அமெரிக்காவைச் சேர்ந்தது, அதில் பாதிக்கு மேல், குறைந்தது 51 சதவீதம், மக்காச்சோளம் இருக்க வேண்டும். பெங்களூரில் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்தால் நல்லது: அம்ருத் சிங்கிள் மால்ட் அந்த ஊர்ச் சரக்கு, 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறிமுகமானது. வெளிநாட்டுக் கஸ்டமர்கள் "உள்ளூர் விஸ்கி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.

ரம் கரும்பைச் சேர்ந்தது. பாலக்கோடு, அரூர் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆலை ஓடும் காலத்தில் மூக்கில் ஏறுகிற மொலாசஸ் வாடை நமக்குப் பழக்கம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் அந்தக் கரும்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். வெள்ளை ரம் காக்டெய்லுக்குப் போகும், டார்க் ரம் கோலாவோடு அல்லது வெந்நீரோடு போகும்.

ஜின் என்றால் ஜூனிபர் என்ற காயின் வாசனை. வோட்காவுக்குக் கிட்டத்தட்ட வாசனையே கிடையாது, தானியத்திலோ உருளைக்கிழங்கிலோ செய்வார்கள். டெக்கீலா மெக்சிகோவில் நீலக் கற்றாழை இனமான அகாவேயில் செய்வது. நம் நாட்டிலேயே முந்திரிப்பழத்தில் செய்யும் கோவா ஃபெனி இருக்கிறது. அதற்கு 2009-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவற்றை மூக்கால் பழகலாம். பார் மூடும் நேரத்தில் காலி பாட்டில்களை ஓரமாக அடுக்கி வைப்பார்கள். சீனியரிடம் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஜின் பாட்டிலில் பைன் மரத்துக் காற்று வரும். டார்க் ரம்மிலும் பர்பனிலும் வெனிலாவும் கருகிய சர்க்கரையும் வரும். சில ஸ்காட்ச்சில் விறகடுப்புப் புகையே வரும், பார்லியை நிலக்கரிக்கு முந்தைய மண்ணான பீட் எரித்து உலர்த்தியதால். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிப் பழகினால் அந்தப் பெயர் பிறகு மறக்காது.

மெனுவிலும் ஸ்டோர் ரூமிலும் சில சுருக்கங்கள் வரும். ஐ.எம்.எஃப்.எல். என்றால் இந்தியாவில் தயாரித்த அந்நிய வகை மது. பி.ஐ.ஓ. என்றால் தயாரித்த வெளிநாட்டிலேயே பாட்டிலில் அடைத்து வந்தது. பி.ஐ.ஐ. என்றால் வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து இங்கே பாட்டிலில் அடைத்தது.

4. பீர்

பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர். குறைந்த சூட்டில் மெதுவாகப் புளிக்கவைத்தது லாகர், கொஞ்சம் கூடுதல் சூட்டில் புளிக்கவைத்தது ஏல். வறுத்த தானியத்தால் கருப்பாக இருப்பது ஸ்டௌட். கோதுமை சேர்த்து மங்கலாக இருப்பது வீட் பீர். பெங்களூரில் மைக்ரோபுரூவரி, அதாவது அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் இடங்கள் நிறைய என்பதால் இந்த நான்கும் தினமும் காதில் விழும். குழாயில் வருவது ட்ராஃப்ட் பீர். எழுத்தைப் பார்த்து 'ட்ராட்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

5. ஒயின்

பெரும்பாலான புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான், காரணம் பிரெஞ்சு உச்சரிப்பு. விஷயம் எளிது. திராட்சைத் தோலோடு புளித்தால் சிவப்பு, தோல் இல்லாமல் புளித்தால் வெள்ளை, தோல் கொஞ்ச நேரம் மட்டும் இருந்தால் ரோஸே. நுரைத்தால் ஸ்பார்க்லிங். அதிலும் பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் செய்தது மட்டுமே ஷாம்பெய்ன். மற்ற எதையும் அந்தப் பெயரில் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள், தெரிந்த கஸ்டமர் விடமாட்டார்.

சிவப்பில் கேபர்நே சோவின்யோன், மெர்லோ, பினோ நுவார், ஷிராஸ். வெள்ளையில் ஷார்டனே, சோவின்யோன் ப்லான், ரீஸ்லிங். இவை திராட்சை ரகங்களின் பெயர், கம்பெனிப் பெயர் கிடையாது. மெர்லோ, கேபர்நே, பினோ மூன்றிலும் கடைசியில் நிற்கும் 'டி' எழுத்தை ஒலிக்கக் கூடாது. இந்த ஏழு பெயரையும் நாக்கில் பழக்கினால் நம் ஊர் ரெஸ்டாரன்ட் ஒயின் பட்டியலில் பெரும்பகுதி முடிந்தது.

6. அளவுச் சொற்களில் ஏமாறாதீர்கள்

இங்கே தவறினால் காசு போகும். சில இடங்களில் ஸ்டாக் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. நம் ஊரில் கட்டிங் என்கிற 90 மில்லிக்கு அங்கே நைன்டி என்றே சொல்வார்கள். குவார்ட்டர் 180, ஆஃப் 375, ஃபுல் 750. ஒரு ஃபுல்லில் 25 ஸ்மால். ராத்திரி கணக்கு முடிக்கும்போது இந்த 25-ஐ வைத்துத்தான் பாட்டிலில் மிச்சம் பார்ப்பார்கள். "ஒரு விஸ்கி" என்று மட்டும் யாராவது சொன்னால் ஸ்மாலா லார்ஜா, எந்த பிராண்ட் என்று கேட்டு, ஆர்டரைத் திருப்பிச் சொல்லி, பிறகு பி.ஓ.டி. (பாருக்குப் போகும் ஆர்டர் சீட்டு) போடுங்கள். பில் வந்தபின் "நான் ஸ்மால்தானே கேட்டேன்" என்று சண்டை வராது.

பின்ட் என்ற சொல்லில் கவனம். இங்கே பின்ட் என்றால் 330 மில்லி பீர். பிரிட்டிஷ்காரர் பின்ட் கேட்டால் அவர் நினைப்பது 568 மில்லி, அமெரிக்கர் நினைப்பது 473. கிளாஸைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

7. மேசையில் காதில் விழும் சொற்கள்

நீட் என்றால் எதுவும் சேர்க்காமல். ஆன் த ராக்ஸ் என்றால் ஐஸ் மட்டும் போட்டு. மிக்ஸர் என்றால் சோடா, டானிக், கோலா போன்ற கலக்கும் பானம், நம் ஊர்க் கார மிக்சரைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். சேஸர் என்றால் ஷாட்டுக்கு (சின்ன கிளாஸில் ஒரே மடக்காகக் குடிக்கும் மது) பின்னால் குடிப்பது. ஆன் டாப் என்றால் குழாயில் வரும் பீர் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். டேப் என்றால் பில்லைக் கடைசியில் சேர்த்துக் கட்டுகிறேன் என்று அர்த்தம். மேலாளர் சம்மதம் இல்லாமல் அதற்குத் தலையாட்டாதீர்கள். கார்க்கேஜ் என்றால் கஸ்டமர் தன் பாட்டிலைக் கொண்டுவந்து திறப்பதற்கான கட்டணம். எல்லா லைசென்ஸிலும் இதற்கு இடமில்லை என்பதால் இதையும் மேலாளரிடம் விட்டுவிடுங்கள்.

8. பெயரே ஏமாற்றும் இடங்கள்

லாங் ஐலண்ட் ஐஸ்டு டீயில் டீ கிடையாது. வோட்கா, ஜின், வெள்ளை ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்யூர் ஐந்தும் சேர்ந்தது. டீ என்று நினைத்து யாராவது கேட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முக்கியமாகக் குடும்பத்தோடு வந்திருந்தால்.

ஜிஞ்சர் ஏல், ஜிஞ்சர் பீர் என்று பெயர் இருந்தாலும் பாரில் மிக்ஸராக வரும் இவற்றில் பொதுவாக ஆல்கஹால் இல்லை. மறுபக்கம், ஹார்ட் என்ற சொல் முன்னால் வந்தால், எலுமிச்சைச் சாறாக இருந்தாலும் ஆல்கஹால் உண்டு. வர்ஜின் என்று முன்னால் வந்தால் ஆல்கஹால் இல்லை.

டிரை என்றால் ஒயினில் இனிப்பு இல்லாதது. டிரை டே என்றால் மது விற்கத் தடையுள்ள நாள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரு மாநிலத்திலும் உண்டு. நம் பக்கம் வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் போன்றவையும் சேரும்.

டாடி என்றால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஹாட் டாடி என்றால் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு பானம்: விஸ்கி, வெந்நீர், தேன், எலுமிச்சை.

9. காக்டெய்லை அடிப்படை ஸ்பிரிட்டோடு சேர்த்துப் படியுங்கள்

தொடக்கத்துக்கு ஏழு போதும். மொஹீட்டோ: வெள்ளை ரம், புதினா, எலுமிச்சை, சோடா. மார்கரீட்டா: டெக்கீலா, ஆரஞ்சு லிக்யூர், கிளாஸ் விளிம்பில் உப்பு. மார்டினி: ஜின், டிரை வெர்மூத் (மூலிகை வாசனை சேர்த்த ஒயின்). பிளடி மேரி: வோட்கா, தக்காளிச் சாறு. ஸ்க்ரூடிரைவர்: வோட்கா, ஆரஞ்சுச் சாறு. கியூபா லிப்ரே: ரம், கோலா. ஓல்டு ஃபேஷன்ட்: விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் (சில சொட்டு மட்டும் விடும் கசப்பு மூலிகைச் சாறு). ஆங்கில 'ஜே' எழுத்தைப் பார்த்து 'மோஜிட்டோ' என்று படிப்பது நம் ஆட்களிடம் அதிகம். மாம்பழ மொஹீட்டோ மெனுவில் இருந்தால் கிருஷ்ணகிரிக்காரர்கள் நம் ஊர் மாம்பழக் கூழைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம், கஸ்டமர் ரசிப்பார்.

10. எவ்வளவு நாள், எவ்வளவு செலவு

தினம் ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு மாதத்தில் இத்தனையும் வந்துவிடும். முதல் இரண்டு வாரம் குடும்பமும் ஸ்பிரிட்டும். மூன்றாவது வாரம் பீர், ஒயின், அளவு. மிச்ச நாளில் பெங்களூர் ரெஸ்டாரன்ட்கள் இணையத்தில் போட்டிருக்கும் மெனுவைச் செல்போனில் திறந்து, வாய்விட்டுப் படியுங்கள். உச்சரிப்பை யூடியூபில் கேட்டு, தமிழிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரைக் கஸ்டமராக உட்காரவைத்து ஆர்டர் எடுத்துப் பழகுவது தனியாகப் படிப்பதைவிடப் பலமடங்கு உதவும்.

வாங்க வேண்டியது: நோட்டு, பேனா, ஒயின் ஓப்பனர், கருப்பு பேன்ட், கருப்பு ஷூ. ஷூ மட்டும் நல்லதாக வாங்குங்கள். பிரேக் ஷிஃப்டில் மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பார்டெண்டிங் கோர்ஸ் என்று பெரிய தொகை கேட்கும் இடங்களில் உடனே பணம் கட்டாதீர்கள். ஸ்டூவர்டாகச் சேர அந்தச் சான்றிதழ் தேவையில்லை. பணம் கட்டத்தான் வேண்டும் என்றால் அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரிகளின் குறுகியகாலப் பயிற்சியை முதலில் விசாரியுங்கள். தமிழக அரசின் தாட்கோ நிறுவனம் வழியாகவும் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் பயிற்சி உண்டு. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் புரோக்கரிடமும், அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் முதலாளியிடமும் உறுதியாக மறுத்துவிடுங்கள். நகல் கொடுத்தால் போதும்.

சேரும்போது தங்குமிடம், சாப்பாடு, டிப்ஸ் பங்கு, உடைந்த கிளாஸுக்குப் பிடிக்கும் பிரேக்கேஜ் நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பார் வேலை முடிய நள்ளிரவு தாண்டும் என்பதால் ஓசூரிலிருந்து தினமும் போய்வருவது முடியாத காரியம். ஸ்டாஃப் ரூம் தராத இடம் என்றால் சம்பளத்தில் வாடகையைக் கழித்துப் பாருங்கள். இன்டர்வியூவுக்கு தர்மபுரிக்காரர்கள் ஓசூர் வழி ரயிலில் போகலாம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை, பஸ்தான். 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவில் மஞ்சள் மெட்ரோ ஓடுவதால், அங்கே இறங்கி ஏறினால் சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் ஊருக்குள் போய்விடலாம்.

11. ஊருக்கு வரும்போது

கர்நாடக பாட்டில் லேபிளில் அந்த மாநிலத்தில் மட்டும் விற்பனைக்கு என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். இப்போது அதைப் படிக்கத் தெரிந்திருக்கும், மதித்து நடங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மாமா, மச்சான் என்று யாராவது போனில் "அங்க விலை கம்மியாமே, ரெண்டு எடுத்துட்டு வா" என்பார்கள். அத்திப்பள்ளி தாண்டி மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடியில் சோதனை நடக்கும். பிடிபட்டால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகலாம். வழக்கு ஒன்று ஏறிவிட்டால் போலீஸ் சரிபார்ப்புச் சான்றில் அது தெரியும், அடுத்த ஹோட்டலில் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான்.